வில்லனின் கப்பலில் சோறு பொங்குவது யார்?

தூத்துக்குடியில் என் சித்தப்பாவின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், 1977ஆம் ஆண்டின் ஜேம்ஸ் பாண்ட் படமான 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'யைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் உழைத்து, தளத்து மாலுமிகளுக்குத் தலைவரான சாரங்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாபெரும் எண்ணெய்க் கப்பல் ஒன்றின் முகப்பு இரண்டாகப் பிளந்து, முழு நீர்மூழ்கிக் கப்பலையே விழுங்குகிற காட்சி வந்தது. நான் முதன்முறை பார்ப்பவனைப் போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அந்த அதிசயத்தைக் கண்டுகொள்ளவில்லை, உள்ளே சிவப்புச் சீருடையில் அங்குமிங்கும் ஓடுகிற ஆட்களை விரல்விட்டு எண்ண முயன்று, பாதியில் கைவிட்டு, "ஏலே, இத்தன பேருக்கும் சோறு பொங்குறவன் எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

அன்று சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு, கடலில் நடக்கும் எந்தச் சாகசப் படத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வில்லனின் அடியாட்கள் தரையில் இருந்தால் நாம் இப்படிக் கேட்பதில்லை. கோட்டை வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவன் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான் என்று மனம் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கப்பலில் அதற்கு வழியில்லை. அடியாளாக இருந்தாலும் அவன் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, சண்டை இல்லாத நேரமெல்லாம் கப்பலை ஓட்டியாக வேண்டும். சண்டை என்பது அவனுடைய நாளில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம், மிச்சமெல்லாம் வேலைதான். அந்த வேலையைக் காட்டுகிற படங்களில் வில்லனின் கப்பல் உயிரோடு இருக்கிறது என்பதும், காட்டாத படங்களில் அது வெறும் அலங்கார அரங்காகிவிடுகிறது என்பதும் என் எண்ணம்.

அந்தப் பாண்ட் படத்தின் கப்பலுக்கு லிபாரஸ் என்று பெயர். அதன் உடைமையாளர் ஸ்ட்ராம்பெர்க், உலகத்தை அணுப்போரில் அழித்துவிட்டுக் கடலடியில் புதிய நாகரிகம் அமைக்க விரும்புகிற பெரும் பணக்காரர். பிரிட்டனுடையதும் சோவியத் ஒன்றியத்தினுடையதுமாக இரண்டு நீர்மூழ்கிகளை விழுங்கிவிட்ட கப்பல், மூன்றாவதாகப் பாண்ட் பயணம் செய்யும் அமெரிக்க நீர்மூழ்கியையும் விழுங்குகிறது. மூன்றையும் அருகருகே நிறுத்துகிற அளவுக்கு உட்புறத்தைக் காட்ட, அன்றைய அரங்கு எதுவும் போதாமல், கலை இயக்குநர் கென் ஆடம் லண்டனுக்கு அருகில் பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தில் புதிதாக ஓர் அரங்கையே கட்டினார். 1976 டிசம்பரில் அதைத் திறந்துவைத்தவர் முன்னாள் பிரதமர் ஹெரால்டு வில்சன். அவ்வளவு பெரிய இடத்தில் எப்படி ஒளி அமைப்பது என்று குழம்பிய ஆடம், தம் பழைய நண்பர் ஸ்டான்லி குப்ரிக்கை ரகசியமாக அழைத்துவந்து யோசனை கேட்டார் என்பது சினிமா ஆர்வலர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கதை.

இத்தனை சிரமப்பட்டுக் கட்டிய இடத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் படத்துக்கு அக்கறையே இல்லை. உள்ளே ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடுகிறது, கட்டுப்பாட்டு அறைக்கு இரும்புக் கதவுகள் இறங்குகின்றன, ஆட்கள் ஏணிகளில் ஏறி இறங்குகிறார்கள். ஒருவனுக்காவது பெயர் இருக்கிறதா என்றால் இல்லை. நிஜத்தில் அந்த அளவுள்ள எண்ணெய்க் கப்பலை ஓட்ட 25, 30 பேர் போதும் என்று சித்தப்பா சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் குறட்டைச் சத்தத்தை வைத்தே அடையாளம் காணும் அளவுக்குப் பழகிவிடுவார்களாம். லிபாரஸில் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்; ஒருவனும் இன்னொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சீருடையின் சிவப்பு நிறம்தான் அவர்களுடைய அடையாளம். அது, சுடுகிற நாயகனுக்கு இலக்கு பளிச்சென்று தெரிவதற்காகத் தைத்தது போலவே இருக்கிறது.

சித்தப்பாவின் கேள்விக்கு, சாகசக் கதைகளின் உலகம் அதற்கு நெடுங்காலம் முன்பே பதில் சொல்லியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் 1883இல் புத்தகமாக வந்தது. அதில் ஹிஸ்பானியோலா என்ற கப்பலின் சமையற்காரனாக வேலைக்குச் சேருகிறவன்தான் லாங் ஜான் சில்வர். சோறு பொங்குகிறவனே வில்லன்! நம் பழைய கப்பல்காரர்களின் பேச்சில் சொன்னால் பண்டாரி. கப்பலில் யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு யார் மேல் வெறுப்பு, கேப்டனைப் பற்றி அடுப்படியில் என்ன முணுமுணுக்கிறார்கள் என்பதெல்லாம் பண்டாரிக்குத்தான் முதலில் தெரியும். சில்வர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டே தன் பழைய கூட்டாளிகளை மாலுமிகளாகச் சேர்த்துவிடுகிறான். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் சிறுவன் ஜிம், பெரும்பாலான கப்பலாட்கள் கொள்ளையர்கள் என்று தெரிந்துகொள்ளும் கட்டத்தில் நமக்கு வயிறு கலங்குவதற்குக் காரணம், அவர்களை அதுவரை நாம் வேலை செய்கிறவர்களாகவே பார்த்திருக்கிறோம் என்பதுதான். கயிறு இழுத்தவன், பாடியவன், சிறுவனிடம் அன்பாகப் பேசியவன் என எல்லோரும் அதே ஆட்கள்தான். இந்த நாவலை டிஸ்னி நிறுவனம் 1950இல் படமாக்கியபோது ராபர்ட் நியூட்டன் சில்வராக நடித்தார். திரையில் கொள்ளையர்கள் இழுத்து உறுமிப் பேசும் அந்தத் தென்மேற்கு இங்கிலாந்துக் கொச்சை பெரும்பாலும் அவரிடமிருந்து பரவியதே.

சில்வருக்கு இன்னொரு பழைய பதவியும் உண்டு. பிளின்ட் என்ற கொள்ளைத் தலைவனிடம் அவன் குவார்ட்டர்மாஸ்டராக இருந்தவன். உண்மையான கொள்ளைக் கப்பல்களில் அது சாதாரணப் பதவி அன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலில் திரிந்த கொள்ளையர்கள் தங்கள் கேப்டனைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். துரத்தும்போதும் சண்டையின்போதும் மட்டுமே அவனுடைய சொல் மறுக்க முடியாத கட்டளை. மற்ற நேரங்களில் உணவைப் பங்கிடுவது, கொள்ளைப் பொருளைப் பிரிப்பது, சண்டை சச்சரவைத் தீர்ப்பது எல்லாம் குவார்ட்டர்மாஸ்டரின் பொறுப்பு. அவனையும் கப்பலாட்களே தேர்ந்தெடுத்தார்கள். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளையனின் கப்பலில் இருந்த விதிகள் 1724இல் லண்டனில் வெளிவந்த நூலொன்றில் பதிவாகியிருக்கின்றன. முக்கிய விஷயங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. கேப்டனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் தலா இரண்டு பங்கு. சாரங்குக்கும் பீரங்கிக்காரனுக்கும் தலா ஒன்றரைப் பங்கு. பணியில் கை அல்லது கால் இழந்தவனுக்குப் பொது நிதியிலிருந்து 800 வெள்ளி நாணயம். சாரங்குக்கு ஒன்றரைப் பங்கு என்று படித்துக் காட்டியபோது, சித்தப்பா தாம் தவறான காலத்தில் பிறந்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

அதே விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இசைக்கலைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது. மற்ற ஆறு நாட்களும் இரவு பகலாக, கேட்டவுடன் வாசிக்க வேண்டும். ஒரு நாள் விடுமுறை. இதை நினைத்துக்கொண்டு டிஸ்னியின் 1953ஆம் ஆண்டு 'பீட்டர் பான்' கார்ட்டூனைப் பாருங்கள். கேப்டன் ஹுக் வரைபடத்தை விரித்துவைத்து யோசித்துக்கொண்டிருக்கிறான். மேலே பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து ஒரு மாலுமி கையில் அக்கார்டியனோடு உற்சாகமாகப் பாடிக்கொண்டிருக்கிறான். ஹுக் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறான், பாட்டு நிற்கிறது, ஆள் தண்ணீரில் விழும் ஓசை கேட்கிறது. பாட்டின் நடுவிலா சுடுவது என்று உதவியாளன் ஸ்மீ குறைபட்டுக்கொள்கிறான். சின்ன வயதில் நானும் விழுந்து விழுந்து சிரித்த காட்சி இது. உண்மையான கொள்ளையர்கள் வார விடுமுறை கொடுத்த ஆளைத் திரைப்படக் கொள்ளையன் பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காகச் சுட்டுத் தள்ளுகிறான். மற்ற கப்பலாட்கள் அதற்குப் பிறகும் அவனுக்கு ஏன் வேலை செய்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. திரையில் வருகிற வில்லன் கேப்டன்கள் பெரும்பாலும், வரலாற்றில் எந்தச் சர்வாதிகாரக் கேப்டன்களிடமிருந்து தப்பித்து அந்த மாலுமிகள் கொள்ளையர்களானார்களோ, அவர்களைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள்.

இந்த முறையை நுட்பமாக மாற்றியது கோர் வெர்பின்ஸ்கி இயக்கி 2003இல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தின் முதல் பாகம். கொள்ளைத் தலைவன் ஜாக் ஸ்பேரோ தன் கப்பலை எப்படி இழந்தான் என்று அவனுடைய கூட்டாளி கிப்ஸ் சொல்லும் இடத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். புதையலில் எல்லோருக்கும் சம பங்கு என்றால், புதையல் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதிலும் சம பங்குதானே என்று துணைத்தலைவன் பார்போசா கேட்கிறான். நியாயமான கேள்வி. ஜாக் இடத்தைச் சொல்லிவிடுகிறான். அன்றிரவே கலகம் வெடிக்கிறது. ஒரு தோட்டா போட்ட துப்பாக்கியோடு அவனைத் தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பங்கு பற்றிய அந்த வாதம் ராபர்ட்ஸின் விதிகளிலிருந்து நேராக நடந்து வந்தது போல இருக்கிறது. திரைக்கதையாளர்கள் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் அந்த வசனத்தை எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கப்பலாட்களுக்குக் கிடைக்கும் தண்டனையும் பங்கோடு சம்பந்தப்பட்டதே. 882 அஸ்டெக் தங்கக் காசுகளை எடுத்துச் செலவழித்துவிட்டதால் சாவு அவர்களைத் தீண்டாது. ஆனால் உணவில் சுவை இல்லை, குடிப்பதில் தாகம் தீருவதில்லை. நிலா வெளிச்சத்தில் எலும்புக்கூடாகத் தெரியும் பார்போசா மதுவைக் குடிக்க, அது விலா எலும்புகளுக்கிடையே வழிகிற காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். சபிக்கப்பட்ட எல்லோரும் பசியுள்ளவர்கள் என்பதுதான் அந்தப் படத்தின் பலம். பார்போசா பச்சை ஆப்பிளை விட்டு ஒரு கணம் கண்ணை எடுப்பதில்லை. கடைசியில் சாபம் நீங்கிய நொடியில் அவன் சாகும்போது அவன் கையிலிருந்து உருளுவதும் அந்த ஆப்பிள்தான். சித்தப்பாவின் கேள்விக்கு இந்தப் படம் தலைகீழாகப் பதில் சொல்லிவிட்டது: இந்தக் கப்பலில் சோறு பொங்கிப் பயனில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பார்போசாவின் ஆட்களான பின்டெலையும் ரகெட்டியையும்தான். ஒருவன் குள்ளமாக, எப்போதும் எரிச்சலோடு இருக்கிறவன். இன்னொருவன் ஒல்லியாக, மரக்கண் அடிக்கடி கழன்று உருண்டோடுகிறவன். கடற்படைக் கப்பலைப் பிடிப்பதற்காக மற்ற கூட்டாளிகள் கடலடித் தரையில் வரிசையாக நடந்து போகும்போது, இந்த இருவரையும் பெண்களுக்கான ஆடை உடுத்திக் குடையோடு படகில் அனுப்பிவைக்கிறார்கள். எதிரிகளின் பார்வையைத் திருப்புவது அவர்களுடைய வேலை. பின்டெல் குமுறுகிறான், ரகெட்டி அந்த ஆடையை ரசிக்கிறான். அடியாட்களுக்கும் ஒருவரோடொருவர் கோபித்துக்கொள்ள, குறைசொல்ல, பழைய கதை பேச நேரம் இருக்கிறது என்று காட்டுகிற அந்தச் சில நிமிடங்கள், படத்தின் வாள்சண்டைகளைவிட எனக்கு அதிகம் பிடிக்கும். பூட்ஸ்ட்ராப் பில் என்ற கூட்டாளியைப் பீரங்கியில் கட்டிக் கடலில் தள்ளிய பிறகுதான், சாபம் நீங்க அவனுடைய ரத்தமும் தேவை என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போது இவர்கள் முகத்தில் தெரியும் அசட்டுத்தனம், அலுவலகத்தில் தவறான கோப்பை அழித்துவிட்ட குமாஸ்தாவின் முகம்.

2006இல் வந்த இரண்டாம் பாகம் இதை இன்னும் இருட்டான இடத்துக்குக் கொண்டுபோனது. வில்லன் டேவி ஜோன்ஸின் 'பறக்கும் டச்சுக்காரன்' கப்பலில் இருப்பவர்கள் சாவுக்குப் பயந்து 100 ஆண்டு ஊழியத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள். கப்பல் மெல்ல மெல்ல அவர்களைத் தின்கிறது: ஒருவனுக்குச் சம்மட்டித் தலைச் சுறாவின் முகம், இன்னொருவனின் தலையே சங்குக்குள் ஒடுங்கும் நண்டு, ஒரு கிழவன் மரச்சுவரோடு சுவராக ஒட்டிப்போய்விட்டான். படத்தின் கணினி உருவாக்கம் ஆஸ்கர் விருது பெற்றது. அது பலரும் எழுதிவிட்ட விஷயம். நான் சொல்ல வருவது ஒரு சின்ன விபத்தைப் பற்றி. தளத்தில் பீரங்கியைக் கயிற்றில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, முதல் பாகத்தில் கடலில் தள்ளப்பட்டு இப்போது இங்கே ஊழியம் செய்யும் பூட்ஸ்ட்ராப் பில், எதிரே தன் மகன் வில் டர்னரைக் கண்டு அதிர்ந்து பிடியை விட, பீரங்கி விழுகிறது. தண்டனை வில்லுக்கு, ஐந்து சவுக்கடி. அடிக்க வேண்டியவன் சாரங்கு. அவன் அடித்தால் சதை எலும்பை விட்டுப் பிரியும் என்பதால், தகப்பன் சவுக்கைத் தானே வாங்கி மகனை அடிக்கிறான். அசுரர்களும் மாயமும் நிறைந்த படத்தில், நழுவிய கயிற்றையும் அதற்கான கூலியையும் வைத்து ஒரு கப்பலின் கொடுமை முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் காட்சியை நானும் சித்தப்பாவும் சேர்ந்து பார்த்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை. வலது கையின் சுண்டுவிரலை இடது கையால் தடவிக்கொண்டார். அந்த விரலுக்கு நுனி இல்லை, கயிற்றில் போனது.

தோல்விப் படம் என்று பலர் ஏளனம் செய்யும் 'வாட்டர்வேர்ல்ட்' (1995) இந்த விஷயத்தில் பாராட்டுக்கு உரியது. நிலமே மூழ்கிவிட்ட எதிர்காலத்தில், வில்லனாகிய டீக்கனும் அவனுடைய 'ஸ்மோக்கர்' கூட்டமும் வாழ்வது ஒரு துருப்பிடித்த எண்ணெய்க் கப்பலில். அது எக்ஸான் வால்டெஸ் என்று பிறகு தெரிகிறது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் பாறையில் மோதி, சுமார் 1.1 கோடி கேலன் எண்ணெயைக் கடலில் கொட்டிய அதே கப்பல். டீக்கன் மேலிருந்து பிரசங்கம் செய்து கூட்டத்தை உசுப்புகிறான்; எல்லோரும் உற்சாகமாகக் கீழே ஓடி, கப்பலின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் பெருந்துடுப்புகளைப் பிடித்து வலிக்கத் தொடங்குகிறார்கள். எந்தத் திசை என்று உதவியாளன் கேட்க, தனக்கும் தெரியாது, அவர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாதம் வலித்துவிடுவார்கள் என்று டீக்கன் சொல்கிறான். எண்ணெய்க் கப்பலைத் துடுப்பால் வலிப்பது அபத்தம்தான். ஆனால் வில்லனுக்கும் கப்பலாட்களுக்கும் இடையிலுள்ள உறவை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன காட்சி வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

ஸ்பீல்பெர்க்கின் 2011ஆம் ஆண்டு 'டின்டின்' படத்திலும் ஒரு நல்ல காட்சி உண்டு. கரபூஜான் கப்பலின் மாலுமிகள் பணத்துக்கு விலைபோய், சொந்தக் கேப்டனான ஹேடாக்கையே குடிபோதையில் அடைத்துவைத்திருக்கிறார்கள். சாவியை எடுக்க டின்டின் அவர்கள் தூங்கும் அறைக்குள் போக வேண்டும். வாசலில் நின்று ஹேடாக் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார். யார் கத்தி வைத்திருப்பான், யாரிடம் நெருங்கக் கூடாது, சாவி வைத்திருப்பவன் ஏன் அமைதியாகத் தூங்க மாட்டான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கப்பல் ஒரு பக்கம் சாய, தூங்குகிறவர்கள் எல்லோரும் மூட்டைகள் போல அந்தப் பக்கம் உருள்கிறார்கள். மறுபக்கம் சாய, மறுபக்கம். அடியாட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று காட்டியதற்காகவே அந்தப் படத்துக்கு ஒரு வணக்கம்.

நம் படங்களில் கப்பல் அபூர்வம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாக இணைந்து நடித்த, பி.ஆர். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) சட்டென்று நினைவுக்கு வரும். 'அதோ அந்தப் பறவை போல' பாட்டில் கப்பல்தளம் முழுவதும் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நாயகனின் ஆட்கள். வில்லனின் ஆட்களுக்குத் தமிழில் யாரும் இப்படியொரு பாட்டு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. கொடுத்திருந்தால் ஹுக் வந்து சுட்டிருப்பானோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். படத்தின் கடைசிப் பகுதியில், சிறைப்பட்ட கடற்படையினர் விடுபட்டு, கட்டுப்பாட்டு அறை தகர்ந்து, சிவப்புச் சீருடைக்காரர்கள் குவியல் குவியலாக விழுந்துவிட்டார்கள். ஆனால் திருடிய இரண்டு நீர்மூழ்கிகள், உள்ளே ஸ்ட்ராம்பெர்க்கின் ஆட்களோடு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. ஒன்றின் ஏவுகணை நியூயார்க்குக்கு, மற்றதன் ஏவுகணை மாஸ்கோவுக்கு. பாண்ட், ஸ்ட்ராம்பெர்க்கின் தலைமையகத்தின் பெயரில் புதிய இலக்கை அனுப்புகிறார்: முதலாவதற்கு இரண்டாவது நிற்கும் இடம், இரண்டாவதற்கு முதலாவது நிற்கும் இடம். அங்கிருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. எண்களைச் சரிபார்த்து, ஒழுங்காகத் தங்கள் வேலையைச் செய்து, ஏவுகிறார்கள். பெரிய உலக உருண்டையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று கடந்து போகின்றன.

"அந்த ஒவ்வொண்ணுலயும் எத்தன பேரு இருப்பான்?" என்று சித்தப்பா கேட்டார்.

அந்த மாதிரி அணு நீர்மூழ்கியில் 100 பேருக்கு மேல் இருப்பார்கள் என்றேன்.

"நாம சுடுற எடத்துல நம்ம ஆளே நிக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியாது, என்ன?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சித்தி அடுப்படியிலிருந்து சாப்பிட வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.